மேல்வீட்டு மதாமின் சகோதரன்

மேல்வீட்டு மதாம் படியேறினால் சத்தம் கேட்காது. எங்கள் கட்டடத்தில் இருப்பது பழைய மரப்படி. பூனை ஏறினாலே முனகும். ஆனால் மதாம் படியின் நடுவில் மிதிக்கமாட்டார். சுவரோரமாக, பலகை இறுகிப் பதிந்திருக்கும் இடத்தில் மட்டும் காலை வைப்பார். பாரிஸின் லா ஷப்பலில் அந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் வருடம் முழுக்க, மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது என்றுதான் நானும் இவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இவர் என்றால் என் கணவர்.

மதாமின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தபால்பெட்டியில்கூட ஒட்டாத பெயரை நான் எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அழைப்புமணிக்குப் பக்கத்திலும் பெயர் இல்லை. தட்டினால் கதவு திறக்காது. குப்பையை எங்கள் கட்டடத்துத் தொட்டியில் போடாமல், இரண்டு கட்டடம் தள்ளிப் போய்ப் போட்டுவிட்டு வருவார். தண்ணீர் விஷயம் அதைவிட விசித்திரம். கீழே நாங்கள் குழாயைத் திறந்தால்தான் மேலே அவர் குழாயும் திறக்கும். நாங்கள் மூடினால் அதுவும் மூடும். "மேலை இருக்கிறது மனுசரோ, இல்லாட்டி எங்கடை எதிரொலியோ?" என்று இவர் கேட்பார்.

படியில் எதிர்ப்பட்டால் மதாம் சுவரோடு ஒட்டிக்கொண்டு "பர்தோன்" என்பார். வழியை மறித்துக்கொண்டு மரக்கறிப் பையும் அரிசி மூட்டையுமாய் நிற்பது நானாக இருக்கும். மன்னிப்புக் கேட்பது அவராக இருக்கும். உண்மையைச் சொன்னால், எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு வெள்ளைக்காரக் கிழவி, இந்த ஊரிலேயே பிறந்தவர், ஏன் இப்படி ஒடுங்குகிறார்? ஒடுங்க வேண்டியவர்கள் நாங்களல்லவா?

அவர் பேசியது பிரெஞ்சு. ஆனால் அவர் சொன்னதையெல்லாம் என் மனம் யாழ்ப்பாணத் தமிழில்தான் வைத்திருக்கிறது. அதனால் அப்படியே சொல்கிறேன்.

எங்களுக்கும் அவருக்கும் பிரச்சினை தொடங்கியது சப்பாத்தில். வாசலுக்கு வெளியே சப்பாத்துக் கழற்றாத தமிழ் வீடு எங்கும் இல்லை. அதுவும் எங்கள் வீட்டில் கதவைத் திறந்தால் நேரே சாமிப்படம். எனவே எல்லாச் சோடியும் படிக்கட்டு முகப்பில்தான் கிடக்கும். ஒருநாள் பார்த்தால் யாரோ அவற்றைச் சுவரோரம் தள்ளிவைத்திருந்தார்கள். இன்னொருநாள் மேலே பழைய பத்திரிகைத்தாளால் மூடியிருந்தது. இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கடை சப்பாத்து மணக்குதாம் அவவுக்கு. வெளியிலை சொல்ல வெக்கம், அதுதான் மூடிவிடுறா." எனக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசனைத் திரவியம் வாங்கிச் சப்பாத்துகளுக்கு அடித்தேன்.

அந்த நேரத்தில்தான் என் தம்பி எங்களோடு இருந்தான். ஊரில் சண்டை முடிந்த கையோடு வந்தவன். அகதி வழக்கு இரண்டு தரமும் தள்ளுபடியாகிவிட்டது. வதிவிடக் காட் இல்லை. ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வந்து எங்கள் குசினியில் படுப்பான். பிடித்தால் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். கொழும்பில் இறங்கியவர்களில் சிலர் விமானநிலையத்துக்கு வெளியே வரவேயில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம். எங்கள் அண்ணையைக் கடைசிச் சண்டையில் தொலைத்துவிட்டு, இவன் ஒருவனையாவது காப்பாற்று என்று அம்மா தொலைபேசியில் அழுவா. தெருவில் பொலிஸ் வாகனத்தைக் கண்டாலே நான் அடுத்த சந்தால் திரும்பிவிடுவேன். அந்தப் பயமெல்லாம் எனக்குத்தான். அவனோ தோணி மாதிரி இரண்டு பெரிய விளையாட்டுச் சப்பாத்தைக் கழற்றி வாசலில் பக்கத்துக்கொன்றாய் எறிந்துவிட்டு உள்ளே வருவான்.

என் மாமனாரின் திவசம் வந்தது. ஓல்னேயிலிருந்து மச்சாள் குடும்பம், இவருடைய வேலைத்தலத்து ஆட்கள், எல்லாருமாய் வீடு கொள்ளாத கூட்டம். படைத்து, சாப்பிட்டு, பாயசமும் குடித்து ஏப்பம் விட்டபடி எல்லாரும் புறப்பட்டார்கள். கதவைத் திறந்தால் வாசலில் ஒரு செருப்புக்கூட இல்லை. பட்டுச்சேலையும் வேட்டியுமாய் பாரிஸ் நகரத்துப் படிக்கட்டில் அத்தனை பேரும் வெறுங்காலோடு நின்றார்கள்.

"உந்த மேல்வீட்டு மனுசிதான்!" என்று இவர் கத்தினார். மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சண்டைக்கே ஏறினா. என் மச்சாள் வாய் திறந்தால் மெட்ரோவே நிற்கும். நானும் இவரும் மற்றவர்களும் பின்னாலேயே ஓடினோம். தட்டினோம். திறக்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், "மதாம், கீழ்வீட்டுப் பிள்ளை நான், பயப்படாதையுங்கோ" என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னேன். சங்கிலி மெதுவாக விலகியது.

உள்ளே நடையில் பத்திரிகைத்தாள் விரித்திருந்தது. அதன்மேல் எல்லாச் சப்பாத்தும் செருப்பும் சோடி சோடியாக. எல்லாம் துடைக்கப்பட்டிருந்தன. குழந்தைகளின் சப்பாத்து நாடாக்கூட முடிந்திருந்தது. மதாமின் கையில் துணி இருந்தது.

மச்சாள் தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிட்டா. அம்மா வயதைத் தாண்டிய ஒரு மனுசி எங்கள் செருப்பைக் கையால் தூக்கி, மாடியேறி, துடைத்தும் வைத்திருக்கிறா! இவர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, பாவமெல்லே சேரும்! அதுவும் அப்பரின்ர திவசத்தண்டு!" சண்டைக்கு வந்த ஆட்கள், பிடிபட்ட கள்ளரைப் போல ஒவ்வொருவராய்க் குனிந்து தங்கள் சோடியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

"ஏன் மதாம் இப்பிடிச் செய்தனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"பர்தோன். ஒண்டும் குறையேல்லை, எல்லாம் இருக்கு. இத்தினை சோடி வெளியிலை கிடந்தால் படியேறுற எவனும் எண்ணிப்போடுவான், பிள்ளை. உள்ளை எத்தினை பேர் எண்டு வாசல் சொல்லக்கூடாது."

நான் கீழே வந்து வடையும் பாயசமும் எடுத்துக்கொண்டு திரும்பவும் ஏறினேன். மன்னிப்பு மட்டும் கேட்டால் போதாது போல இருந்தது. மதாம் வடையை இரண்டாகப் பிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடித்தார். இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். மாமனார் செத்த நாள், இந்த நாளில் அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்போம் என்று சொன்னேன்.

"நாள் தெரியுமோ உங்களுக்கு?"

"ஓம், தெரியும்."

"நாள் தெரிஞ்சிருக்கிறது நல்லது. எங்களிலையும் செத்தவைக்கு அந்த நாளிலை விளக்கேத்துவினம். நாள் தெரியாட்டி எண்டைக்கு ஏத்திறது?"

எங்கள் அண்ணைக்கும் நாள் இல்லை. அதை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்குப் பிரெஞ்சும் போதாது, தெம்பும் போதாது. ஆனால் மதாம் தன்னுடைய கதையைச் சொன்னார். அதற்கு முன் யாருக்கும் சொல்லியிருப்பாரோ தெரியாது.

ஜெர்மன்காரன் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலம். அவனுக்காகப் பிரெஞ்சுப் பொலிஸே யூதர்களை வீடு வீடாகப் பிடித்துக் கொலைமுகாம்களுக்கு ரயிலேற்றியது. மதாமின் தகப்பன் தையல்காரர். யூதக் குடும்பம். எங்கள் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கட்டடம். அதைக் கூட்டித் துடைக்கும் பெண், கூரைக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அறையில் இவர்களை ஒளித்துவைத்தா. தாய், தகப்பன், ஆறு வயது மதாம், பதினொரு வயது அண்ணன். அந்த மாடியில் ஒருவருமே குடியில்லை என்பதுதான் ஊருக்குத் தெரிந்த சங்கதி. எனவே கீழ்வீட்டில் தண்ணீர் ஓடும்போதுதான் இவர்களும் குழாயைத் திறக்கலாம். நடந்தால் சுவரோரம் நடக்க வேண்டும். குப்பை அந்தப் பெண்ணின் கூடைக்குள் ஒளிந்துதான் வெளியே போகும். காலையில் எழுந்ததும் படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னால் தள்ளி, யாருமே வாழாத அறையாக அதை ஆக்கிவைப்பார் தகப்பன்.

அண்ணனுக்கு மட்டும் பொன்னிற முடி. பார்த்தால் சந்தேகம் வராது. எனவே பாண் வாங்க வெளியே போவது அவன்தான்.

"ஒருநாள் மழையிலை தோய்ஞ்சு வந்தவன். சப்பாத்து அறைக்குள்ளை மணத்தது. எங்கடை பழைய வீட்டிலை நனைஞ்ச சப்பாத்தை அம்மா வாசலுக்கு வெளியிலைதான் காயவைப்பா. நான் அம்மாவுக்கு உதவி செய்யிறன் எண்டு நினைச்சன். ஒருத்தருக்கும் சொல்லாமல் வெளியிலை வைச்சன்."

ஒருவரும் குடியில்லாத மாடியில் ஒரு பிள்ளையின் சப்பாத்து. யாரோ பார்த்தார்கள். யாரோ சொன்னார்கள். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டதும் தகப்பன் மற்றவர்களைத் தடுப்புக்குப் பின்னால் தள்ளினார். அண்ணனுக்கு அப்போதுதான் கதவு இடுக்கால், வாசலில் இருந்த சப்பாத்து கண்ணில் பட்டது. எடுக்க ஓடினான். சப்பாத்தும் கையுமாகப் பிடிபட்டான். வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, ஒருத்தரும் இல்லை, நான் தனியத்தான், வீட்டை விட்டு ஓடிவந்தவன் என்றான். எட்டிப் பார்த்தவர்களுக்கு அறை வெறுமையாய்த் தெரிந்தது. அவன் ஈரச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவர்களோடு இறங்கிப் போனான். பலகைக்குப் பின்னால் தாய் மதாமின் வாயைப் பொத்தியிருந்தா.

"அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னைத் திட்டேல்லை, பிள்ளை. அப்பாவும் திட்டேல்லை. அம்மா சாகுமட்டும் ஒரு சொல் சொல்லேல்லை. ஒருக்கா அடிச்சிருக்கலாம்."

மிச்ச வடையைத் தின்று முடித்து, தட்டை எனக்கு முன்னால் கழுவித் தந்தார். குழாயை அவர் தாராளமாகத் திறந்ததை அன்றுதான் பார்த்தேன். கீழே இவர் திவசப் பாத்திரங்கள் கழுவிக்கொண்டிருந்தார். நான் இறங்கி வந்து, திரும்பவும் வாசலில் கிடந்த தம்பியின் சப்பாத்தைத் தூக்கி, சாமிப்படத்துக்கு நேரே வீட்டுக்குள் வைத்தேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு பெட்டி வாங்கிச் சப்பாத்துகளை உள்ளே போட்டோம். தம்பிக்கு எல்லாம் விளங்கச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாவம் கிழவி, அந்தக் காலத்துப் பயம் இன்னும் விடேல்லை" என்றான். தனக்கும் பயப்பட வேண்டிய நாள் வரும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

வந்தது. ஒரு காலை இவர் வேலைக்குப் போயிருந்தார். தம்பி முகத்தில் பாதிக்குச் சவர்க்கார நுரையோடு நின்றான். கதவை யாரோ நகத்தால் பிறாண்டுவது கேட்டது. திறந்தால் மதாம். எவர் வீட்டுக் கதவையும் ஒருநாளும் தொடாதவர். படிக்கட்டு யன்னலால் கீழே பொலிஸ் வாகனத்தைக் கண்டிருக்கிறார். யாரையோ தேடி வந்து ஒவ்வொரு கதவாய்த் தட்டிக் காட் கேட்கிறார்கள். "உங்கடை தம்பி, கெதியா!" என்றார். ஒரு கையில் அவனுடைய சப்பாத்து, மறுகையில் அவன். நுரை முகத்தோடேயே இழுத்துக்கொண்டு மேலே போனார்.

எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் காட்டைப் பார்த்தார்கள். வேறு யாரும் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். மேலே ஏறினார்கள். நான் படிக்கட்டுக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றேன். மதாம் கதவைத் திறக்கமாட்டார், பேசாமல் இருந்துவிடுவார், அவர்களும் போய்விடுவார்கள் என்று எல்லாச் சாமியையும் கும்பிட்டேன்.

அண்ணாந்து பார்த்தால் மதாம் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறார். பின்னால் தம்பி.

"இவர் ஆர், மதாம்?"

"என்ர சகோதரன்."

ஒரு பொலிஸ்காரன் சிரித்துவிட்டான். யாருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைக் கிழவி, பக்கத்தில் நுரை பூசிய கறுத்த யாழ்ப்பாணத்துப் பெடியன். ஆனால் மதாம் கத்தினார். அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது. கட்டடம் முழுக்கக் கேட்டது.

"இவனை ஒருக்கா உங்கடை ஆக்கள் கூட்டிக்கொண்டு போனவை. நான் பலகைக்குப் பின்னாலை சத்தம் போடாமல் இருந்தனான். இண்டைக்கு இருக்கமாட்டன்! இவனைக் கொண்டுபோறதெண்டால் என்னையும் கொண்டுபோங்கோ!"

சிரித்தவன் சிரிப்பை நிறுத்தினான். மற்றவன் வயதில் இளையவன். அவனுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். தரையைப் பார்த்தான். பிறகு "பர்தோன், மதாம்" என்று சொல்லிவிட்டு முன்னால் இறங்கினான். மற்றவனும் பின்னால் போனான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தம்பி தரையில் விழுந்து மதாமின் காலைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தான். நம் வழக்கம் தெரியாத மதாம் பதறிக் காலை இழுத்துக்கொண்டிருந்தார்.

கதையை இந்த இடத்தில் நிறுத்த எனக்கு ஆசை. நிறுத்தினால் நானும் நிமிர்ந்து நடக்கலாம்.

தம்பிக்குப் பின்னாளில் விசா கிடைத்தது. கலியாணம் கட்டினான். பியர்ஃபித்தில் வீடு வாங்கினான். லா ஷப்பலில் மரக்கறிக் கடை போட்டான். பின்னால் சாமான் அடுக்க நல்ல பெரிய அறை. தொடக்கத்தில் மாம்பழப் பெட்டி வந்து இறங்கினால் முதல் பழம் மதாமுக்குத்தான். தானே கொண்டுபோய்க் கொடுப்பான். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டான். பிறகு அதுவும் நின்றது. நானே வேறு கடையில் வாங்கி, "தம்பி தந்தவன்" என்று சொல்லிக் கொடுத்தேன். மதாம் பழத்தை முகர்ந்து பார்த்து, "என்ர சகோதரன்" என்பார்.

மதாமை முதியோர் இல்லத்தில் சேர்த்த வருடம், மெட்ரோ ஓடும் இரும்புப் பாலத்தின் கீழே, ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம் வரைக்கும் கூடாரங்கள் முளைத்தன. ஆப்கானிஸ்தான், சூடான் என்று எங்கெங்கிருந்தோ தப்பி வந்த பெடியங்கள். மழை பெய்தால் கடை வாசலில் வந்து ஒதுங்குவார்கள். தம்பி வாசலில் ஜாவல் என்ற வெளுக்கும் மருந்து கலந்த தண்ணீரை ஊற்றிவைத்தான். அந்த நெடியில் ஒருவரும் உட்கார முடியாது. "டேய், நீ வந்த வழி மறந்துபோச்சோ?" என்று கேட்டேன். "அக்கா, நாங்கள் உழைச்சு முன்னுக்கு வந்தனாங்கள். இவங்கள் வேறை" என்றான். ஏறி வந்த ஏணியை எட்டி உதைப்பது என்பார்களே, அதை என் வீட்டிலேயே பார்த்தேன்.

ஒரு காலை பொலிஸ் வந்து அந்த இடத்தைச் சுற்றி வளைத்தது. தம்பி பொலிஸ்காரருக்குப் பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நான் கடையில் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெடியன் பாய்ந்து உள்ளே ஓடிவந்தான். என்னைப் பார்த்தான். வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் பின்னறைக்குள் புகுந்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் குந்தினான். தம்பியும் கண்டான். போய் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"விடடா அவனை! டேய், விடடா!" என்று கத்தினேன்.

"வாயை மூடக்கா. கடை லைசென்ஸ் போகும்."

நாங்கள் தமிழில் பேசியதால் பொலிஸ்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இஞ்சை ஒருத்தன்" என்று பிரெஞ்சில் சொல்லித் தம்பி அவனை ஒப்படைத்தான். அந்தப் பெடியன் போகும்போது தம்பியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். தமிழ்க்கடை ஒன்றில் தமிழச்சியாய் நின்றதற்காக நான் வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். இப்போதும் அந்தத் தெருவால் போகாமல் சுற்றிப் போகிறேன்.

அந்தக் கிழமை மதாமைப் பார்க்கப் போனேன். ஆளுக்கு நினைவு கலங்கத் தொடங்கியிருந்தது. என் பெயர் வரவில்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர சகோதரன் எப்பிடி?" என்றார்.

"சுகமாயிருக்கிறான், மதாம். கடையும் நல்லா நடக்குது."

"கடைக்குப் பின்னாலை அறை இருக்கெண்டு சொன்னவன்."

"ஓம், இருக்கு."

"அப்ப அதுக்குள்ளை ஆரையாவது வைச்சிருப்பான்."

கேள்வியாகக் கேட்கவில்லை. நிச்சயமாய்ச் சொன்னார். வெளியே மழை, குடை கொண்டுபோயிருப்பான் என்று சொல்கிற மாதிரி.

"ஓம் மதாம்" என்றேன். "வைச்சிருக்கிறான்."

அவர் முகம் தெளிந்ததை நான் பார்க்காமல் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே வந்து தம்பிக்குப் போன் எடுத்து, மதாம் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறானோ என்று நினைத்தேன். "நல்ல வேலை செய்தாய் அக்கா" என்றான். "கிழவி சந்தோசமாய்ச் சாகட்டும்." பிறகு யாருக்கோ வெண்டிக்காய் நிறுக்கப் போய்விட்டான்.

மாரி தொடங்கியபோது இல்லத்திலிருந்து ஒரு பெண் அழைத்தா. மதாம் காலையில் போய்விட்டாராம். நித்திரையிலேயே, ஒரு சத்தமும் இல்லாமல். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டா: "லா ஷப்பலில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரன் தனக்கு இருப்பதாக எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பார். நாங்கள் அவருக்கு அறிவிக்க வேண்டும். தொடர்பு தருவீர்களா?"

தம்பியின் இலக்கம் எனக்கு மனப்பாடம்.

"இல்லை, மதாம்" என்றேன். "அப்படி ஒருத்தரும் அவவுக்கு இல்லை."